ரொசெண்டாவின் முடிச்சு

மணிலாவை ஒட்டிய எங்கள் மீனவ ஊர் நவோதாஸில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. கதவுக் கீல், தையல் ஊசி, கேமராவின் கண்ணாடி, எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் கேமராவை அரிசி போட்ட தகர டப்பாவில் வைப்பது என் வழக்கம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். "சோத்துக்கே வழியில்லாத ஊருல கேமராவுக்குச் சோறு போடுறியே, நீ உருப்படுவியா?" என்று என் மனைவி கேட்பாள். கேலி செய்வாளே தவிர, அந்த டப்பாவை யாரையும் தொட விடமாட்டாள்.

பரிசுக் குழுவிலிருந்து வந்திருக்கிறீர்கள். 'வாசலில் குழந்தை' படம் உள்ளபடி எடுத்ததா, அமைத்து எடுத்ததா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான கேள்விதான். கண்ணீர் வரட்டும் என்று குழந்தையைக் கிள்ளிவிட்டுப் படமெடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பட்டினி என்று பெயர் போடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை.

தண்ணீருக்கு மேல் மூங்கில் கால்களில் நிற்கும் அந்த வீடுகளில்தான் நானும் தவழ்ந்தேன். அங்கே வாசலுக்கு வெளியே படி கிடையாது, கடல்தான். அதனால் எங்கள் வரிசையில் தவழும் பிள்ளையின் காலில் கந்தல் துணியைக் கட்டி, மறுமுனையை நடுத்தூணில் முடிந்துவிட்டுத்தான் அம்மாக்கள் வேலைக்குப் போவார்கள். என் கணுக்காலில்கூட அந்தத் தழும்பு இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

படத்தில் இருக்கும் குழந்தையின் அம்மா ரொசெண்டா, சிப்பி உடைக்கப் போகிறவள். அவள் புருஷன் பெனிங் வலைக்காரன். இரண்டு பேர் உழைத்தும் ஒரு வேளைச் சோறு, ஒரு வேளை வெறும் கருவாட்டுத் தண்ணீர். மகள் மாயுமிக்கு இன்னும் நடை வரவில்லை. என்னைக் கண்டால் சிரிப்பாள், ஏனென்றால் என் பையில் எப்போதும் ரொட்டி இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் குடும்பத்தைப் படமெடுத்தேன். பத்திரிகைக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று நான் போனபோது ரொசெண்டா வேலைக்குப் போயிருந்தாள். அக்கம்பக்கத்திலும் யாரும் இல்லை. கடல் ஏறியிருந்தது. வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. குழந்தை தூணடியில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். துணி வாசல்வரை எட்டாது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டிப்போட்ட குழந்தையைப் படத்தில் பார்த்தால் மணிலாவில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? நாயைக் கட்டுகிற மாதிரி பெற்ற பிள்ளையைக் கட்டியிருக்கிறாளே என்பார்கள். ரொசெண்டாவை யாரும் அப்படி ஒரு சொல் சொல்ல நான் இடம் கொடுக்கக் கூடாது. ஏழைக்கு மிச்சம் இருப்பது மானம் ஒன்றுதான். அதனால் அவிழ்த்துவிட்டேன்.

முடிச்சு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. வலைக்காரர் வீட்டு முடிச்சல்லவா. கடைசியில் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து எடுத்தால் முகத்தில் இருட்டு விழுந்தது. என் படகில் இறங்கி, அதைச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். அங்கிருந்து பார்க்க வாசல் அழகான சட்டமாக இருந்தது. "மாயுமி, இங்க பாருடா கண்ணு. ரொட்டி வேணுமா? வா, வா," என்றேன். வந்தாள். விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையை நீட்டினாள். நீங்கள் படத்தில் பார்த்த சிரிப்பு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு ஊன்றிய கையையும் நீட்டினாள்.

எனக்கு நீந்தத் தெரியும். எங்கள் ஊரில் நீந்தத் தெரியாதவன் கிடையாது. ஆனால் கேமரா கழுத்தில் இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் கேமராவும் போகும், உள்ளே இருக்கும் பிலிமும் போகும். அதைக் கழற்றி, படகில் கொண்டுவந்திருந்த அரிசி டப்பாவில் வைத்து மூடினேன். அந்த மூடி கொஞ்சம் கோணல், அழுத்தித்தான் மூட வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீரில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு குதித்து என்ன பயன்? படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

படகில் அந்தப் பக்கமாகப் போகும்போது எடுத்தேன், ரொசெண்டா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன் என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். துணி தூணிலேயே கிடந்ததால், முடிச்சு நழுவியிருக்கிறது என்று அவர்களே முடிவு கட்டினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் பெனிங் சொன்னான்: "வலை கட்டுறவன் பொண்டாட்டிக்கு ஒரு முடிச்சு போடத் தெரியல. எந்த ஊருலயாவது கேட்டிருக்கீங்களா?" சில நாளில் அவளைத் தலைமுழுகிவிட்டுத் தெற்கே போய்விட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "ஹெர்மோ அண்ணே, நீங்க பார்த்தப்ப அவ கால்ல துணி இருந்துச்சா? நான் இறுக்கித்தான் கட்டுனேன். இறுக்கிக் கட்டுன மாதிரிதான் இருக்கு."

"கவனிக்கலையேம்மா," என்றேன். "அழாத. யாருக்கும் கை தவறும்."

படத்துக்குப் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்து மனமிரங்கியவர்கள் அந்த வரிசை முழுக்க வாசலுக்குத் தடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது அங்கே குழந்தைகள் விழுவதில்லை. அதையும் நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரொசெண்டா இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் கூடை கட்டுகிறாள். ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, மறுபடியும் போடுவாள். மேஸ்திரி திட்டுவான், அவள் காதில் அது விழாது. கல்லறைத் திருநாளில் அந்தப் படத்தின் முன்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறாள், மகளின் வேறு படம் அவளிடம் இல்லை. கண்ணாடிச் சட்டம் நான்தான் போட்டுக் கொடுத்தேன், ஒரு காசு வாங்கவில்லை. இப்போது அவளிடம் போய் எதையாவது சொன்னால் ஆறின புண்ணைக் கீறிவிட்டதுபோல் ஆகும். நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் படத்தில் நான் எதையும் அமைக்கவில்லை. எவ்வளவு பெரிதாக்கி வேண்டுமானாலும் பாருங்கள். குழந்தை தானாகத்தான் வருகிறாள்.