நசுங்காத எலுமிச்சம்பழம்

கனகசெட்டிக்குளத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த மெக்கானிக் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: “எலுமிச்சம்பழம் நசுங்கல. அப்பதான் வேலை சரியா முடிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது.”

“நசுங்கலன்னா சகுனம் சரியில்லயேப்பா.”

“கேளு. ஊருக்குத் திரும்பாம இங்கயே தங்கிட்ட பிரெஞ்சுக்காரரு, நம்ம முசியே இருக்காரே, அவரோட புல் வெட்டுற சின்ன டிராக்டர் மேட்டுல ஏறுனா சாயும். பின்சக்கரம் ரெண்டுக்கும் உள்பக்கம் இரும்பு வளையம் குடுத்து, வெளிய தள்ளி மாட்டினேன்.”

“சரி.”

“தோட்டக்காரர் பூசைக்கு, சக்கரத்தோட பழைய தடத்துலயே ரெண்டு பழத்த வெச்சுட்டாரு. நான் வண்டிய எடுத்தா, சக்கரம் பழத்த விட்டு விலகிப் போயிடுச்சு.”

குருசுக்குப்பம் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை.

“அப்புறம்?”

“வண்டிக்கு அடியில சுத்துற கத்தி சும்மா இருக்குமா? ரெண்டு பழத்தயும் நறுக்கி முசியே மேல வீசிடுச்சு.”

“கோவிச்சுக்கலயா?”

“மூஞ்சியெல்லாம் சாறு. வண்டி சாயாம மேட்டுல ஏறுறதயே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் உதட்ட நக்கிட்டு, ‘அடுத்த பூசைக்குக் கொஞ்சம் சக்கரயும் வெய்யி’ன்னாரு.”