திருநீறு விழுந்த போத்தல்கள்

தங்கச்சி, முதலில் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விளிம்பில் காய்ந்த பால் ஒட்டியிருக்கிறது, எனக்குக் குமட்டுகிறது. ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் தமிழில் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் பிடிபடும். அதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். இந்தப் பொலிஸ்காரருக்கு ஆறுதலாக, அவசரப்படாமல் சொல்லுங்கள்.

பிளாக்டவுன் கராஜில் இருந்தவை கஞ்சாதான். தாய்ச்செடியின் நுனியைக் கிள்ளி, சீனி ஜெல்லி ஊற்றிய போத்தலில் வளர்த்தால் ஒன்று நூறாகும். ஊரில் பத்து வருஷம் வாழைக்கன்றுக்குச் செய்த வேலை. இதில் சுத்தம் ஒன்றுதான் மந்திரம். பூசணம் பிடித்த போத்தலைத் திறக்கவே கூடாது. மூடியபடியே அழித்துவிட வேண்டும்.

அங்கே எனக்கு வேலை செய்த சிறி, அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசா, வன்னியில் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். வேலை செய்ய அனுமதியில்லாமல் அலைந்தவனை நான்தான் கூப்பிட்டு வைத்தேன். போத்தலில் இருப்பது ஓர்க்கிட் பூக்கன்று என்று சொன்னேன். கராஜை அவன் பெயரிலேயே வாடகைக்கு எடுத்தேன்; அவனுக்கும் ஒரு விலாசம் வேண்டுமே. நல்லவன்தான். ஆனால் நகக்கண்ணில் எந்நேரமும் கறிமஞ்சள். சாப்பிட்டால் விரலைச் சூப்புவான். சொல்லிப் பார்த்தேன், நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

2013 ஆடியில் கன்றுகள் கொஞ்சம் வாடின. ஜெல்லியில் நான் கலந்த உர உப்புக் கூடிவிட்டது. அது என் பிழை, அவனிடம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் நானூறு போத்தலுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக முளைத்திருந்தது. சிறி நெற்றி நிறையத் திருநீற்றோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

“கண்ணூறு அண்ணை, ஆரோ கண் வைச்சிட்டினம், வேறென்ன? செவ்வாய்க்கிழமை கோயில்ல அர்ச்சனை செய்து, ஒவ்வொரு மூடியாத் திறந்து, குஞ்சுகளுக்குத் துளித்துளி திருநீறு போட்டுவிட்டனான். இப்பப் பாருங்கோ, பஞ்சு மாதிரி முளைக்குது.”

நான் கோபப்படவில்லை. “நல்லது சிறி” என்றேன். அந்தச் சூப்பிய விரல்கள் நானூறு மூடிகளையும் தொட்டிருந்தன. தாய்ச்செடிப் போத்தல்கள் ஆறு என் வீட்டில் பத்திரமாக இருந்தன. வீட்டுக்கு வந்து மூன்று தரம் கை கழுவினேன். பிறகு, பெயர் சொல்லாமல், பொலிசுக்குப் போன் எடுத்து அவனைக் காட்டிக்கொடுத்தேன். அசுத்தம் பரவக் கூடாது, அவ்வளவுதான்.

வழக்கு விழுந்தது, விசா போனது. அவன் என் பெயரைச் சொல்லவேயில்லை. கொழும்புக்கு ஏற்றுவதற்கு முதல்நாள் தடுப்பு முகாமிலிருந்து போன் எடுத்தான். இறங்கியதும் தனக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

“அண்ணை, அது கஞ்சாவெண்டு சொல்லுகினம். உங்களை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். கவனமா இருங்கோ. நீங்கள் தெரியாமத்தானே செய்தனீங்கள்?”

“ஓம்” என்றேன். போகிற நேரத்தில் அவன் மனம் நோகக் கூடாதல்லவா? இதை மட்டும் விடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள், தங்கச்சி: சிறிக்கு நான் சொன்ன ஒரேயொரு பொய் அதுதான்.