மௌனத்தில் நின்றுபோன சுவிச்

ஓம், அது நின்றுவிட்டது. எப்போது எழும்பும் என்று எனக்கும் தெரியாது.

வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். தலைமை தாங்கும் கணபதி ஐயா அவர்களே, கனகராயன்குளத்துப் பெரியோர்களே, வெயிலில் வந்து வெயிலிலேயே இருக்கும் தாய்மார்களே, முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ் மாறி வந்து முன்கதிரையில் இருக்கும் மார்கிறட் அக்கா அவர்களே, வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, சுவிச்சின் புதிய பதிப்பு.

"அதென்ன பிள்ளை சுவிச்?"

சொல்கிறேன் அம்மா. தட்டையான ஒரு பெட்டி. செய்மதித் தட்டிலிருந்து வரும் இணையத்தை வாங்கி, நமது ஊர்க் கணினி நிலையத்தின் பத்துக் கணினிகளுக்கும் வயர் வயராகப் பகிர்ந்து கொடுக்கும். அதைக் கவனிக்க ஓர் இணையப்பக்கம் இருக்கிறது. எந்த வயருக்கு உயிர் இருக்கிறது, எந்த வயருக்கு இல்லை என்று காட்டும். பழைய பதிப்பு வெறும் இலக்கங்களைக் காட்டியது. புதியது படமாகக் காட்டுமாம். வயர்களுக்குப் பெயர் வைக்க விடுமாம். நான் இன்னும் காணவில்லை.

ஏன் காணவில்லை?

நமது கணினிகளைப் பராமரிக்கும் செட்டிகுளத்து றிஸ்வி, பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு இன்றைய நாளைத்தான் தேர்ந்தெடுத்தார். "கூட்டம் எண்டால்தான் ஜெனரேற்றர் இடையில நிக்காது" என்றார். ஏற்றும்போது மின்சாரம் அறுந்தால் பெட்டி செத்துவிடும். அவர் நினைத்தது சரிதானே?

ஏற்றத் தொடங்கினார். கூட்டமும் தொடங்கியது. சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களுக்கு மௌன அஞ்சலி என்றார் தலைவர். எழுந்தோம். ஜெனரேற்றரைப் பார்த்துக்கொள்ளும் பழனியாண்டி அண்ணர் அதை நிறுத்தினார். எந்த அஞ்சலிக்கும் அவர் நிறுத்துவார். இறந்தவர்களுக்காக நாம் நிற்கும்போது இயந்திரம் இரையலாமா? அவர் செய்ததும் சரிதானே?

மௌனம் முடிந்தது. மைக் எழும்பியது. பெட்டி எழும்பவில்லை.

"ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்?" என்று றிஸ்வி ஓடிவந்து கேட்டார்.

"மௌனம் எண்டால் மௌனம்தானே தம்பி. அதுக்குள்ள டுக்குடுக்கு எண்டு நிக்கட்டே?"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு சரிகள் சேர்ந்து எப்படி ஒரு பிழையாயின? யாரிடம் கோபிப்பது? பல்கலைக்கழகத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பெட்டி செத்தால் என்ன என்று கேட்பீர்கள். மார்கிறட் அக்காவின் மகன் அனிஸ்ரன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்கிறான். கடல் தகப்பனைக் கொண்டுபோன நாளிலிருந்து தாயின் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறான். "குரலைக் கேட்டனான். முகத்தைக் காட்டுங்கோ, அப்பத்தான் நம்புவன்" என்கிறான். இன்று ஒரு துறைமுகத்தில், கணினிக்கு முன்னால் காத்திருக்கிறான். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். தகப்பனுக்காக நாம் நின்ற மௌனம் மகனின் வழியை அறுத்துவிட்டதே! இதை எந்தக் கணக்கில் போடுவது?

அக்கா ஏதோ சொல்கிறா.

"நானும் எழும்பி நிண்டனான் பிள்ளை. என்ர மனுசனுக்காக நிண்டனான். பழனியாண்டியாரைப் பேசாதேங்கோ."

பேசவில்லை அக்கா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

"டிலுசா!" றிஸ்வி வாசலில் நிற்கிறார். "தட்டில இருந்து வாற வயரை நேர குடுத்துப் பாக்கலாம். ஆனா ஒரு கணினிக்குத்தான் வரும். மற்ற ஒன்பதும் சும்மா கிடக்கும்."

கிடக்கட்டும்! பத்துப் பேருக்குப் பகிரத்தான் பெட்டி வேண்டும். ஒரு தாயின் முகம் போக ஒரு வயர் போதாதா? புதிய பதிப்பு வரும்போது வரட்டும். படம் காட்டும்போது காட்டட்டும். கப்பல் நமக்காக நிற்குமா? பழனியாண்டி அண்ணர், இனி யாருக்காகவும் நிறுத்தாதேங்கோ. இறந்தவர்கள் பொறுப்பார்கள். இரைச்சலோடு இருக்கட்டும் இந்த மாலை!

பேச்சு முடியவில்லை, நேரம் முடிகிறது. பொறுத்திருந்த எல்லோருக்கும் நன்றி. வணக்கம், போகிறேன்.

மேடையிலிருந்து இறங்கினேன். சுவிச்சிலிருந்து தட்டின் வயரைப் பிடுங்கி ஜன்னலோரக் கணினியில் செருகினேன். மார்கிறட் அக்காவின் கதிரையைக் கமராவுக்கு நேரே இழுத்து வைத்தேன்.