நாற்பது விநாடிக்குப் பிறகு

விளக்கைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். இது கட்டுக்கதை இல்லை. மர ஆலையில் வேலை பார்க்கும் ஒஸ்ஸியின் அக்காவுக்கு நடந்தது.

பிப்ரவரி. விடியற்காலை மூன்றே முக்கால். குஹ்மோ ஊரைத் தாண்டி ஏரிக்கரைச் சாலை... கடைசி வீடு அக்கா துயிரேயுடையது. அதற்கப்பால் பனி தள்ளும் வண்டிகூடப் போகாது. "அந்தப் பெட்டியை வந்து எடுத்துட்டுப் போடா" என்று போனில் அழுதாள். ஒஸ்ஸி தொப்பிகூட மாட்டாமல் கிளம்பினான்.

டிவியோடு இணைத்துச் சினிமா பார்க்கும் அந்தப் பெட்டி அவன் கொடுத்ததுதான். கால் மணிக்கு ஒருமுறை தானாகவே இணையத்தில் துழாவும். பட்டியலில் உள்ள படம் வந்திருந்தால் இறக்கிவிடும். இருப்பதைவிடத் தெளிவான பிரதி கிடைத்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். துயிரே, பாவம், புருஷன் தார்மோவின் கடைசி வீடியோவையும் அதிலேயே போட்டு வைத்திருந்தாள். பதினோரு மாதம் நான்கு நாளுக்கு முன், சமையலறை ஜன்னலிலிருந்து அவளே எடுத்தது. தார்மோ மீன் பிடிக்க உறைந்த ஏரிமேல் நடந்து போகிறார். நாற்பது விநாடி. அன்றைக்குப் பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போனவர்தான், திரும்பவில்லை. "வீடியோ எடுத்துட்டுப் படுத்துட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்று போலீஸிடம் சொன்னாள்.

ஒஸ்ஸி போய்ச் சேர்ந்தபோது டிவி திரையில் ஒரு வரி. 'தெளிவான பிரதி கிடைத்தது. பழையது நீக்கப்பட்டது.'

வேறு யாரிடம் இருக்கும் பிரதி?

ஒஸ்ஸி ஓடவிட்டான். அதே ஏரி, அதே முதுகு. நாற்பதாவது விநாடி வந்தது... நிற்கவில்லை. டப். விரிசல். பிறகு தண்ணீர்.

"துயிரே! கயிறு... கயிறு கொண்டு வா!"

மூன்று முறை. அப்புறம் மிக அருகில், கர்ரக்... திரைச்சீலை வளையங்கள் கம்பியில் இழுபடும் சத்தம். படம் முழுக்க நீலக் கட்டம் போட்ட துணி. அதே துணி சமையலறை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஈரக் கம்பளி நாற்றம் வேறு.

"படுத்திருந்தேன்னு சொன்னியேக்கா?"

துயிரே திரும்பவில்லை. "முப்பது வருஷம் நான் கத்தினேனே, அவர் ஒரு நாளாவது கேட்டாரா?"

ஒஸ்ஸி வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் போன் கிணுகிணுத்தது. எதை இறக்கினாலும் பெட்டி அவனுக்குச் செய்தி அனுப்பும். பெட்டியோ பின்சீட்டில், வயர் சுற்றி, ஜில்லென்று கிடக்கிறது.

'இன்னும் தெளிவான பிரதி கிடைத்தது. நீளம்: பதினோரு மாதம், நான்கு நாள்.'