செவ்வரத்தம்பூ வந்த வீடுகள்

எனக்குப் பச்சைத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இல்லை. தேத்தண்ணிதான். சீனி இல்லாவிட்டால் ஒரு கடி பனங்கட்டி, அதுவும் இல்லாவிட்டால் வெறும் சாயம். மச்சான், உங்களுக்கும் அதையே தந்திருக்கிறேன். வவுனியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவருக்கு இது போதாது, மன்னிக்க வேண்டும்.

உங்கள் தங்கை ஜெகதீஸ்வரி என்னோடு கதைப்பதை நிறுத்தி மூன்று மாரி போய்விட்டது. எங்கள் பிள்ளை கோசலா எப்படிச் செத்தாள் என்று அவளிடம் கேட்டால் அழுகிறாள், அதனால்தான் என்னிடம் வந்ததாகச் சொன்னீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. முறையாகச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது சனம் பாயையும் சட்டியையும் தூக்கியது. நான் ரசாயனம் படிப்பித்தவன், ஒரு வெளிநாட்டு விஞ்ஞானச் சஞ்சிகையைத் தூக்கினேன். அதில் வெள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்காக வெள்ளியைச் சிறிதாக்கினால் அது வேறொரு பொருள்போல நடந்துகொள்ளுமாம். மினுக்கம் போய்விடும், தண்ணீரில் மஞ்சளாய் மிதக்கும், கிருமியைக் கொல்லும். அதே வெள்ளிதான், அளவு மட்டுமே வேறு. அதை வாசித்தபிறகு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

உடையார்கட்டில் காட்டோரமாய்க் கொட்டில் போட்டு இருந்தோம். மாரி தொடங்கியதும் கிணறும் மலக்குழியும் ஒரே வெள்ளமாகின. வயிற்றோட்டம் வந்தது. மருந்து வராது, கிணற்றுக்குப் போடும் குளோரினும் வராது. சுகாதாரத் தொண்டர்கள் கொட்டில் கொட்டிலாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார்கள். விறகோ ஈரம்.

நான் செய்தது இதுதான். உமியை அரித்துக் களிமண்ணோடு குழைத்துப் பானை சுடுவித்தேன். சூளையில் உமி எரிந்துபோக, பானைச் சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஊற்றிய தண்ணீர் அதனூடாகக் கசிந்து கீழே வாளியில் சேரும். அந்தச் சுவரில் வெள்ளித் தண்ணியைப் பூசினால் கிருமி சாகும். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தேன். இரண்டு வெள்ளித் துண்டுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சுற்றச் சுற்ற, தண்ணீர் மெல்ல மஞ்சளாகும். அழகான நிறம், மச்சான்.

வெள்ளி சனத்திடம் இருந்தது. எந்த இடப்பெயர்விலும் பிள்ளையின் வெள்ளி அரைஞாணை யாரும் விட்டுவிட்டு வரவில்லை. மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து வன்னியில் குடியேறிய பேச்சியம்மா, தன் கைக்குழந்தையின் இடுப்பிலிருந்தே கழற்றித் தந்தாள்.

"வெள்ளித்தண்ணி குடிச்சா எம்புள்ள மினுங்குமா சார்?" என்று சிரித்தாள்.

"அவர் முதல் தன்ர மொட்டையை மினுக்கட்டும்" என்றாள் ஜெகதீஸ்வரி. அவளுக்கு அப்போது பகிடி வரும். கோசலா குழந்தையாய் இருந்தபோது கட்டிய அரைஞாணை அவளும் கொண்டுவந்து தந்தாள்.

பானைகளைக் கொடுக்கும் நாளில் அரசமரத்துப் பிள்ளையாரின் முன்னால் பூக்கட்டிப் பார்த்தோம். செவ்வரத்தம்பூவும் நந்தியாவட்டைப்பூவும் தனித்தனியாக வாழையிலையில் கட்டிக் குவித்திருந்தோம். வீட்டுக்கு ஒருவர் வந்து கும்பிட்டுவிட்டு ஒரு கட்டை எடுக்க வேண்டும். யாருக்கு எந்த வரிசைப் பானை என்று பார்க்கத்தான் பூ, சண்டை வராது என்று சொன்னேன். சனத்துக்கு அது பழகிய வழி. கோசலா எங்கள் வீட்டுக்காக எடுத்தாள்.

"அப்பா, எனக்குச் சிவப்பு!" என்று ஓடிவந்தாள்.

நந்தியாவட்டை வந்த வீடுகளுக்கு வெள்ளி பூசிய பானை. செவ்வரத்தை வந்த வீடுகளுக்குப் பூசாத பானை.

வெள்ளி பற்றாமல் போனதா என்று கேட்கப் பார்க்கிறீர்கள். இல்லை, மிஞ்சியது. ஒரு பொருள் வேலை செய்கிறது என்று சொல்ல, அது இல்லாத இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஆளைப் பார்த்துப் பிரிக்கவில்லை. பூ பிரித்தது. யாருக்கு எது என்று தெரிந்தால் செவ்வரத்தை வீடுகள் கொதிக்க வைக்கத் தொடங்கிவிடும், பிறகு ஒப்பிட ஒன்றுமிராது. ஆகையால் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னேன்: இந்தப் பானை இருக்கும்வரை தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. இது நிரூபணமானால் வன்னி முழுவதற்கும் செய்யலாம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் பேச்சியம்மாவின் குழந்தை. புதைத்துவிட்டு வந்த கையோடு என்னிடம் வந்தாள்.

"பான நல்ல பானதானே சார்? நாந்தான் சரியா அலசலியோ?"

"நல்ல பானைதான்" என்றேன். அதில் வெடிப்பேதும் இருக்கவில்லை.

பிறகும் சில செவ்வரத்தை வீடுகளில் இழவு விழுந்தது. நந்தியாவட்டை வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவான முடிவு. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் பார்த்தால்தான் வெளியிலிருப்பவர்கள் நம்புவார்கள்.

அப்போதுதான் கோசலாவுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. ஜெகதீஸ்வரி பானையைத் தடவிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கட பானைக்கும் பூசினனீங்கள்தானே?"

"எல்லாப் பானையும் ஒண்டுதான்."

"எதுக்கும் நான் கொதிக்க வைச்சுக் குடுக்கிறன்."

"மாஸ்டர் வீட்டிலயே கொதிக்க வைச்சா சனம் என்ன நினைக்கும்? பேசாமல் இரு."

பேசாமல் இருந்தாள். அவள் என்னை நம்பியவள், மச்சான். என் மேசைக்குக் கீழே வெள்ளி பூசிய பானை ஒன்று மிச்சமாய்ச் சாக்கால் மூடிக் கிடந்தது. அதை நான் பார்க்காமலில்லை. ஆனால் பேச்சியம்மாவுக்கு மாற்றிக் கொடுக்காததை என் பிள்ளைக்கு மட்டும் எப்படி மாற்றுவது? பாரபட்சம் பார்த்தான் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அந்த ஒன்றிலாவது எனக்கு மனம் சுத்தம்.

ஒரே கொட்டிலில் இருந்தும் எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்கிறீர்கள். முதலிலேயே சொன்னேனே, பச்சைத்தண்ணீர் எனக்குச் சரிவராது. என் தேத்தண்ணிக்கு மட்டும் ஜெகதீஸ்வரி கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். அதற்குக் காய்ந்த விறகு எப்படியோ கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கூடாது என்பதால் கோசலாவுக்குக் கொடுப்பதில்லை.

கடைசி நாள் பின்னேரம் ஜெகதீஸ்வரி வைத்தியரைத் தேடிப் போயிருந்தாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. கேத்தலில் ஆறிக் கிடந்த மிச்சத் தண்ணீரைக் கையால் காட்டி, "அப்பா, அது" என்றாள். ஒரு வாய் கொடுத்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். எடுத்து வாசலில் ஊற்றினேன். பிறகு பானைத் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தாள்.

அதைத் தவிர வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை, மச்சான். பூவை எடுத்தது அவள்தான்.