வாலிலிருந்து ஆரம்பிக்கும் நாய்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் ஐம்பதைத் தொடும் அக்காவும் தங்கையும். தங்கை ஏதோ ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அக்கா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்:

“நாயை யாராவது வால்ல இருந்து வரையச் சொல்லித் தருவாங்களாடி?”

“நான் தரேனே. முதல்ல வால், அப்புறம் முதுகு, அப்புறம் காலு.”

“எல்லாரும் தலைக்கு ஒரு வட்டம் போட்டுத்தானே ஆரம்பிப்பாங்க?”

நானும் அப்படித்தான் படித்தவன்.

“நம்ம மணி எப்படி வரும், சொல்லு. திருவெறும்பூர் வீட்டுல அப்பா கட்டிலுக்கு அடியில, சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். நாம ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும் வால் மட்டும் வெளிய வந்து தரையைத் தட்டும். மத்ததெல்லாம் மெதுவாத்தான் வரும்.”

அக்கா சிரித்துவிட்டாள். “ஆமாண்டி. அம்மா அந்த வாலை ஒதுக்கிட்டுத்தான் வீடு பெருக்குவாங்க. சரி, முகம் எப்பப் போடுவ?”

“கடைசியில. அதை மட்டும் நான் போர்டுல போட மாட்டேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி போட்டுக்கோங்கன்னு பிள்ளைங்ககிட்ட விட்டுடுவேன்.”

“ஏன், அவ்வளவும் போட்டவளுக்கு முகம் வராதா?”

“ஞாபகம் இல்லக்கா. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலையே நாம. உனக்கு ஞாபகம் இருக்கா?”

காவிரிப் பாலம் வந்திருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் முடிகிற இடத்தில் தங்கை பக்கம் திரும்பினாள்.

“வால் நுனியில கொஞ்சம் வெள்ளை இருக்கும்டி.”