சூரிய மீனுக்குக் காவல்

ஜேசிபி பக்கெட்டக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி வைங்கண்ணே. கோச்சுக்காதீங்க. ஆபீஸ்ல இந்த மீனப் புதைக்கச் சொல்லிட்டாங்க, தெரியும். நானா வேணாங்குறேன்? எங்க வீட்டுக்காரி ஒரு தரம் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் தாராளமா மூடுங்க.

நாறலைண்ணே, காலைலதான கரை ஒதுங்குச்சு. வெயில் ஏறினா நாறும், அந்தப் பயம் எனக்கும் இருக்கு. இருங்க, ஒரு போன் போட்டுக்குறேன். ப்ச், எடுக்க மாட்டேங்குறா.

பாதி மீனெல்லாம் இல்ல. யாரோ வெட்டிட்டுப் போட்டாங்கன்னு நானும் நெனச்சவன்தான். இதுக்கு வாலே கிடையாதுண்ணே, மடிச்சுத் தச்ச மாதிரி பின்னாடி ஒரு ஓரம், அவ்வளவுதான். ஜெல்லிமீனத் தின்னுட்டு, மேல வந்து ஒருக்களிச்சுப் படுத்து வெயில் காயும். சொகுசு. பொறக்கும்போது கடுகளவுதான், உடம்பெல்லாம் முள்ளு. நம்புவீங்களா?

நான் எங்கண்ணே படிச்சேன்? நான் டெய்லர். அவதான் மீன் ஆராய்ச்சி. கல்யாணமான நாள்லேந்து எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கறி வைக்க இடமில்ல, படகுக்காரங்க வெட்டிக் குடுத்த இதோட தோலுதான்.

அட, எல்லா சூரிய மீனும் ஒண்ணில்லைங்குறேன். மத்தது பெருசானா நெத்தி புடைச்சுக்கும், ஓரம் அலை அலையா வரும். இது எவ்வளவு வளந்தாலும் வழவழன்னுதான் இருக்கும், ஓரத்துல மட்டும் சின்னதா ஒரு பள்ளம். இது வேற இனம். அதுங்களோடயே சுத்திட்டு இருந்திருக்கு, எல்லாம் ஒண்ணுதான்னு அத்தன பேரும் விட்டுட்டாங்க.

தோலத் தவிர இவ இந்த இனத்துல முழு மீனப் பாத்ததே இல்ல. ஒதுங்கியிருக்குன்னு சேதி வந்ததும் விழுந்தடிச்சு ஓடுவா. போய்ச் சேர்றதுக்குள்ள உங்கள மாதிரி ஒருத்தர் மண்ணப் போட்டு மூடியிருப்பாரு. போன தடவ மணல்லயே உக்காந்து அழுதுட்டா. எனக்கு மனசே ஆறலண்ணே.

போட்டோவா? அது இப்ப அவளுக்கு உதவாது.

அந்தா, படிக்கட்டுக்கிட்ட ரெண்டு பேரு வர்றாங்க பாருங்க. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது என் கொழுந்தியா. இவளுக்குப் போன வருஷத்துலேந்து கண்ணு சுத்தமா தெரியலண்ணே. தடவிப் பாத்தே சொல்லிடுவா.

எஞ்சின மட்டும் அணைச்சிடுங்க. மணல்ல கால் வச்சதும் தங்கச்சி கைய உதறிடுவா, என் குரல் வர்ற பக்கமா தனியாத்தான் நடப்பா. நான் பேசிக்கிட்டே இருக்கணும்.